பக்கக் குழாய்

காப்பி மெஷினின் பக்கக் குழாய் அடைத்துக்கொண்ட அன்றைக்கு நான் பாதித் தூக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தெரு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்குப் பனி. எதிர்க் கட்டடத்தில் யாரோ விளக்குப் போட்டிருந்தார்கள். அது ஆளில்லாமல், சுவரில்லாமல், மஞ்சளாக மிதந்துகொண்டிருந்தது. காப்பி மெஷின் சூடேறிப் பச்சை விளக்கைக் காட்டியது. டீத்தூள் போட்ட கோப்பையைப் பக்கக் குழாயின் கீழே பிடித்துத் திருகைத் திருப்பினேன். இரண்டு சொட்டு வந்தது, ஒரு இருமல் இருமியது, அவ்வளவுதான். நான் பெரிதாக யோசிக்கவில்லை. கோப்பையை நகர்த்திக் காப்பி இறங்குகிற வாய்க்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டேன். வெந்நீர் மெல்லிய மழை மாதிரி இறங்கியது. போதும் என்று மறுபடி அழுத்தியதும், மெஷின் உள்ளே எங்கேயோ 'புஸ்' என்று பெருமூச்சு விட்டு, மிச்சத் தண்ணீரைக் கீழ்த்தட்டில் துப்பியது. அந்தப் 'புஸ்'ஸைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. போச்சுடா என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இதில் நாக்கைக் கடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் கணவரைத் தெரியாதவர்கள்தான் கேட்பார்கள். காப்பிக்கொட்டைக் கிடங்கில் ருசி பார்ப்பது அவர் வேலை. வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் மூக்கைக் கொண்டுபோய் வைத்து, பிறகு கரண்டியில் எடுத்து 'சர்ர்' என்று உறிஞ்சித் துப்பி, இந்த மூட்டை தேறும், இது தேறாது, இது கப்பலில் ஈரம் பட்டது என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவர் தேறும் என்று சொன்னால் தேறும். கிடங்கில் அவருக்குப் பெயரே மூக்கர். வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவரும் சும்மா இருக்கமாட்டார், என்னை 'பீப் மேடம்' என்பார். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் காது சோதனை செய்கிறவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, காதில் பீப் பீப் என்று விடுவதும், கேட்டால் கையைத் தூக்கச் சொல்வதும்தான் என் பிழைப்பு.

மூக்கர் வேலைக்குப் போகிற நாட்களில் காலையில் காப்பியைத் தொடமாட்டார். நாக்கும் மூக்கும் துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டுமாம். பால் சேர்க்காத இளம் டீ ஒரு கோப்பை, அதோடு சரி. மெஷின் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். மற்ற ஆறு நாளும் அது சும்மா உட்கார்ந்திருக்கிறதே, வெந்நீர் கொதிக்க வைக்கத் தெரிந்த ஒரு மெஷின் இருக்கும்போது எதற்கு இன்னொரு பாத்திரம் என்று, பழைய மின்கெட்டில் கருகிப்போனபோது நான் இதிலேயே டீக்குத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தேன். முதல் நாள் விவரம் தெரியாமல் காப்பி வாய் வழியாகவே பிடித்துவிட்டேன். கோப்பையைக் கூடத்து மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள், குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்த மனிதர் ஒரு கன்னத்தில் நுரையோடு வெளியே வந்து நின்றார். "டீயில காப்பி இருக்கு" என்றார். குடித்துப் பார்க்கவில்லை. கிட்டே கூட வரவில்லை. அன்றைக்கு நடந்த சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: மெஷினை நான் தொடலாம், ஆனால் டீக்குத் தண்ணீர் பாலுக்கு ஆவி விடுகிற பக்கக் குழாய் வழியாக மட்டுமே வரவேண்டும். காப்பி வாய் காப்பிக்கு. ஆறு வருஷமாக அந்த ஒப்பந்தம் மீறப்படவில்லை.

அதனால்தான் அந்தப் பனிக்காலையில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டிவிடலாமா வேண்டாமா என்று நின்றேன். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது. திட்டினால் திட்டட்டும் என்று கொண்டுபோய் வைத்தேன். காய்ச்சலில் ஐந்து நாள் படுத்திருந்து எழுந்த மனிதர், மெலிந்து போய், சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோப்பையை எடுத்தார். ரொம்ப நேரம் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். ஆவி அவர் முகத்தில் ஏறி, நெற்றி வரைக்கும் போய், காணாமல் போனது. நான் செருப்பை மாட்டிக்கொண்டே காத்திருந்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கு" என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு வருஷமாக என்னை என்ன பாடு படுத்தினார்! இன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை என்றால், நான் கொடுக்கிறது எதுவாக இருந்தால் என்ன என்று ஆகிவிட்டதா? படி இறங்கிக்கொண்டே இப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அது பனியில் சில்லென்று இருந்தது. அவருக்கு வாசனை வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது, என் தொழிலில் ஒரு தடவை கையைத் தூக்காவிட்டால் செவிடு என்று எழுதிவிடமாட்டோம், மறுபடி பீப் விட்டுப் பார்ப்போம். அன்று சாயங்காலமே பக்கக் குழாயை ஊசி விட்டுக் குத்திச் சரிசெய்துவிட்டேன். ஆனால் மறுநாளும் காப்பி வாயிலேயே தண்ணீர் பிடித்தேன். அதற்கு மறுநாளும். அடுத்த வாரம் ரொட்டி கருகியது. அதற்கு இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், புகை கண்ணில் பட்ட பிறகுதான் எழுந்து ஓடினார். ஞாயிற்றுக்கிழமை காப்பியை அரைத்ததும் எப்போதும் போலத் தூளுக்குள் மூக்கை நுழைத்து, எப்போதும் போலக் கண்ணை மூடினார். எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள், நாம் பேசுவது காதில் விழாவிட்டாலும் சரியான இடத்தில் தலையை ஆட்டிச் சிரிப்பார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு அடுப்படியில் அதைப் பார்ப்பேன் என்று மட்டும் நினைத்ததில்லை.

சாயங்காலங்களில் கிடங்குக் கதை சொல்வது அவர் வழக்கம். இன்றைக்கு மூன்றாவது கிண்ணத்தில் பச்சை ஆப்பிள் தோல் வாசனை, ஆறாவதில் புது நோட்டுப் புத்தகத்தின் வாசனை என்று சொல்வார். பாதி புளுகு என்று கேலி செய்துகொண்டே கேட்பேன். காய்ச்சலுக்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கவனித்துக் கேட்டால் எல்லாம் பழைய கிண்ணங்கள். போன வருஷம் சொன்ன ஆப்பிள் தோல், அதற்கு முந்திய வருஷத்து மழை நனைந்த பலகை. அலமாரியில் மடித்து வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக் காட்டினார். நான் முதல் தடவை கேட்கிற மாதிரி "அப்படியா!" என்றேன். கொட்டையின் நிறத்தைப் பார்த்தும், நாக்கில் மிஞ்சியிருக்கிற புளிப்பையும் கசப்பையும் வைத்தும், பக்கத்தில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தும் அவர் நாளை ஓட்டுகிறார் என்று புரிந்தது. எத்தனை நாளைக்கு ஓட்ட முடியும்?

நேராகக் கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாம்தான். கிளினிக்குக்கு மனைவிமார்கள் கணவர்களை இழுத்துக்கொண்டு வருவார்கள். "இவருக்குக் காதே கேக்க மாட்டேங்குது" என்பார்கள். அந்த மனிதர், "எல்லாம் கேக்குது, இவ பேசறதைத்தான் கேக்கப் பிடிக்கல" என்பார். எல்லோரும் சிரிப்போம். சிரிப்பு அடங்கி, கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்ததும் அவர் முகம் மாறிவிடும். அந்த முகத்தை என் மனிதரிடம் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். சொல்லாத வரைக்கும் பனிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெரு மாதிரி, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால் கேட்கிறதை எல்லாம் மெஷின் வழியாகக் கேட்டேன். தினமும் காலையில் பொத்தானை அழுத்தினேன், தினமும் அது 'புஸ்' என்றது, தினமும் அவர் கோப்பையை மூக்கடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், தினமும் நான் செருப்பு மாட்டுகிற சாக்கில் காத்திருந்தேன். நுரை வழிகிற கன்னத்தோடு ஒரு தடவை கத்துங்களேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த நாட்களில் கண்ணாடி அறை எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. மதியத்தில் ஆள் இல்லாத நேரம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். அங்கே சத்தமே இருக்காது. கொஞ்ச நேரம் போனால் நம் ரத்தம் ஓடுகிற சத்தம் நமக்கே கேட்கும், பிறகு அதுவும் தூரமாகப் போய்விடும். அப்படி உட்கார்ந்திருக்கும்போது ஒரு நாள் கண் அயர்ந்து கனவு வந்தது. எங்கள் வீட்டு வாசலில் வாசனைகள் எல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையாக நிற்கின்றன. ஆப்பிள் தோல், புது நோட்டு, நனைந்த பலகை, கருகின ரொட்டி, சவர நுரை. மணி அடிக்க ஒன்றுக்கும் கை இல்லை. உள்ளே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நான் கதவைத் திறக்கப் போகிறேன், போகிறேன், கூடம் நீண்டுகொண்டே போகிறது. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். விழித்தால் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

அவரிடம்தான் முதன்முதலாக வாயைத் திறந்தேன். அதையும் நேராகச் சொல்லவில்லை. எங்கள் மாடியில் ஒருவருக்கு, காய்ச்சலுக்கு அப்புறம், மூக்கில் வாசனையே தெரியவில்லையாம் என்றேன்.

"சிலருக்கு அப்படி ஆகும். சிலருக்குத் தானா வந்துடும். சிலருக்கு மாசக்கணக்காகும். வராமலும் போகலாம். கூட்டிட்டு வாங்களேன், பாக்கறேன்."

"வரமாட்டார் மேடம். மூக்குன்னா அவருக்கு அவ்வளவு மரியாதை."

டாக்டரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, தினமும் அவருக்கு நல்லாப் பழக்கமான வாசனையா பாத்து முகரச் சொல்லுங்க. மூக்குக்கு அதோட வேலையை ஞாபகப்படுத்தற மாதிரி."

"அவருக்கே தெரியாம முகர வச்சா?"

"தெரியாம என்ன பிரயோஜனம்? முகர்றவர் மனசு அதுல இருக்கணும்" என்றார். போகிறபோது திரும்பி, "உங்க மாடியில இருக்கறவரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது.

மனசு அதில் இருக்க வேண்டும் என்றால் அவரிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. வேறென்ன செய்வது, வாசனையைக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காப்பியின் சக்கையை, தூள் அடைக்கிற கைப்பிடிக் கிண்ணத்திலேயே விட்டுவைத்து, அதன் வழியாகத் தண்ணீரை இறக்கினேன். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க டீத்தூளை அள்ளிப் போட்டேன். அந்தக் கண்றாவியை அவர் மட்டுமா குடித்தார், நானும்தான் குடித்தேன். பாத்திரம் கழுவின தண்ணீர் இதைவிடத் தேவலை. அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னிக்கு டீ ரொம்ப நல்லா இருக்கு" என்றார். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆறாவது வாரத்தில் அந்த வியாழக்கிழமை வந்தது. புது விளைச்சல் வந்திறங்கியிருந்தது; வாங்குகிறவர்கள் நேரில் வருகிறார்கள். நீள மேஜையில் இருபத்து நான்கு கிண்ணங்கள், எதிரே அவர்கள், இந்தப் பக்கம் மூக்கர். பூஞ்சை பிடித்த ஒரு மூட்டையை நல்லது என்று சொல்லிவிட்டால் இருபத்திரண்டு வருஷப் பேச்சு அங்கேயே முடிந்தது. நிறத்தை வைத்துச் சமாளிக்கிற வேலை அங்கே நடக்காது, பூஞ்சை கண்ணுக்குத் தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் சட்டையைத் தானே இஸ்திரி போட்டார். ஒரே கையை மூன்று தடவை தேய்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது சொல்லுங்களேன் என்று நானும், இப்போதாவது கேளேன் என்று அவரும் நின்றிருக்கிறோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் பனி. எதிர்க் கட்டடத்து மஞ்சள் விளக்கு தன் இடத்தில் மிதந்தது. மெஷின் பச்சை காட்டியது. கோப்பையைக் காப்பி வாய்க்குக் கீழே வைக்கப் போனேன், கை போகவில்லை. இன்றைக்குமா இந்தக் கண்றாவி? இத்தனை நாளும் அவரைச் சோதித்தேன், அவருக்குத் தெரியாமல் அவர் மூக்கோடு விளையாடினேன். மேஜைக்கு முன்னால் போய் நிற்கப் போகிற நாளிலாவது மனிதருக்கு ஒரு நல்ல டீ கொடுப்போம் என்று தோன்றியது. பக்கக் குழாயைத் திருகினேன். சீறிக்கொண்டு சுத்தமான வெந்நீர் வந்தது. மூடினேன். 'புஸ்' இல்லை. வீடு அமைதியாக இருந்தது.

"என்ன, இன்னிக்குப் பக்கக் குழாய்?"

கூடத்திலிருந்து அவர் குரல். 

"என்னங்க?"

"இல்ல, தினமும் வாய் வழியாத்தானே பிடிப்பே? இன்னிக்கு மாத்திட்டியேன்னு கேட்டேன்."

ஊரில் உள்ள காதையெல்லாம் சோதிக்கிறவள் நான். என் வீட்டுக்குள் ஒரு காது இருப்பதை ஆறு வாரமாக மறந்திருக்கிறேன். நடுவில் இருக்கிற சுவர் ஒரு செங்கல் கனம்கூட இல்லை. எந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று மெஷின் தினமும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அவர் முன்னால் வைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு, பொத்தான்களை எல்லாம் மாட்டி, உட்கார்ந்திருந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் நாளே. அந்தப் 'புஸ்' கேட்டுதே." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆஹா, காப்பி வாய்ல பிடிச்சுட்டா, இன்னிக்கு இவளுக்கு இருக்குன்னு கோப்பையை எடுத்தேன். மூக்குல வச்சேன். ஒண்ணுமே வரல. அதுவரைக்கும் சளி, சளின்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டிருந்தேன். அன்னிக்குத்தான் நிச்சயமாத் தெரிஞ்சுது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் கண்டுபிடித்த அதே கோப்பையில்தான் அவரும் கண்டுபிடித்திருக்கிறார். செருப்பு மாட்டுகிற சாக்கில் நான் நின்றிருந்தபோது, ஆவிக்கு அந்தப் பக்கம் அவர் தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "நல்லா இருக்கு" என்று சொன்னது, வராத வாசனைக்காக என்னைத் திட்ட மனசு வராமல்.

"ஏங்க சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

 அவர் கோப்பையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"குத்தமாச் சொல்லல. நீ கேக்காததே எனக்கு வசதியா இருந்துது. மறுநாளும் அந்த 'புஸ்' கேட்டுது. சரி, இவ விடமாட்டா போலிருக்குன்னு நினைச்சேன். இவ ஊத்தறா, நாம முகர்ந்து பாப்போம். இன்னிக்கு வருமா, இன்னிக்கு வருமான்னு தினமும் உயிரைக் கொடுத்து முகர்ந்தேன். காலையில படுக்கையில கிடக்கும்போதே அந்த சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருப்பேன்." சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். "இன்னிக்கு நீ பக்கக் குழாயைத் திறந்தியா... அவ்வளவுதான், இவளே விட்டுட்டான்னு ஆயிடுச்சு."

அடக் கடவுளே, நான் நல்ல டீ கொடுக்கத்தான் திறந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது, அதோடு கோபமும். இத்தனை நாள் என்னையும் சக்கைத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டாரே என்று அவர் மேல் கோபம், குடிக்க வைத்தவளே நான்தான் என்பதால் என் மேல் கோபம். "விடறதாவது! உங்களை எவன் விட்டான்?" என்று கத்தினேன். இருபத்து நான்கு கிண்ணங்களுக்குப் போகப் போகிறவர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு அப்படிக் கத்தியது நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவர் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் நிஜமாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எட்டு மணிக்கு மேனேஜருக்கு போன் பண்ணணும்" என்றார் பிறகு. போன் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தது. "வரேன்னு சொல்லணும், இல்லேன்னா உண்மையைச் சொல்லணும். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். தெரியாம ஒரு மூட்டையைத் தேறும்னு சொல்ல என்னால முடியாது."

"உண்மையைச் சொன்னா?"

"சொன்னா, மூக்கர்னு யாரும் கூப்பிடமாட்டாங்க. வேற என்ன. மூட்டை எண்ற வேலையாவது கொடுப்பாங்க." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கட்டைவிரல் மட்டும் கோப்பை விளிம்பில் சுற்றிச் சுற்றி வந்தது. "ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, சிரிக்கக் கூடாது. நேத்து டீயில... ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஈரச் சாக்கு மாதிரி ஏதோ வந்துது. உடனே போயிடுச்சு. மனப்பிரமையாவும் இருக்கலாம்."

மணி ஏழே முக்கால். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். இது எனக்குத் தெரிந்த வேலை. இந்த ஒரு வேலையில் யாரும் எனக்குக் காது குத்த முடியாது.

இரண்டு கோப்பை எடுத்தேன். ஒன்றில் பக்கக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில், கைப்பிடியில் பழைய சக்கையோடு, காப்பி வாய்த் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு டீத்தூள், ஒரே சூடு. பிறகு மெஷினை அணைத்தேன். அது கடைசியாக ஒரு முறை 'புஸ்' என்றது, பச்சை விளக்கு போனது. கோப்பைகளைக் கொண்டுவந்து அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரித் தட்டில் வைத்தேன். வெறுங்காலை மெல்ல எடுத்து வைத்தேன், காலடிச் சத்தம் எதையும் சொல்லிவிடக் கூடாது.

"கண்ணை மூடுங்க. கை ரெண்டும் முழங்கால் மேல. காப்பி வந்தாக் கையைத் தூக்கணும். வந்த மாதிரி இருந்தாத் தூக்கக் கூடாது."

"சரிங்க பீப் மேடம்."

ஆசையினால் கையைத் தூக்குகிறவர்கள் உண்டு. நான் சத்தமே விடாதபோதும் சட்டென்று தூக்கிவிட்டு, கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பார்கள், சரியா என்று. நிஜமாகக் கேட்டவர்களின் கை அப்படி எழாது. அது தயங்கும். பாதி எழுந்து நிற்கும். இருக்குமோ என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கண் திறக்க மறந்துவிடும். பதினைந்து வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

சுத்தமான கோப்பையை முதலில் மூக்கடியில் பிடித்தேன். ஆவி ஏறியது. கைகள் முழங்கால் மேலேயே இருந்தன. எடுத்துவிட்டு மறுபடியும் அதையே கொண்டுவந்தேன், ஏமாற்றிப் பார்க்க. கைகள் அசையவில்லை. அவர் நெற்றி சுருங்கியிருந்தது, பரீட்சை எழுதுகிற பையனுக்குப் போல. மூன்றாவது தடவை மற்றதை எடுத்தேன். என் மூக்குக்கே அந்தப் பழைய சக்கை வாடை வந்தது. அதை அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன்.  ஜன்னலுக்கு வெளியே பனி சற்றே விலகி எதிர்க் கட்டடத்தின் ஒரு சுவர் தெரிந்தது. அவர் மூச்சை இழுத்தார். விட்டார். இன்னொரு தடவை மெதுவாக இழுத்தார். மேஜை மேல் போன் அதிர ஆரம்பித்தது, மேனேஜராகத்தான் இருக்கும். இருவரும் அதை எடுக்கவில்லை.

"கேக்குதா?" என்றேன், பழக்க தோஷத்தில்.

 முழங்கால் மேல் இருந்த வலது கையில் முதலில் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு உள்ளங்கை, தூக்கமாட்டேன் என்பது போல, மெதுவாக எழுந்தது. ஒரு சாண் உயரத்தில், ஆவிக்குள், அப்படியே நின்றது. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.